சித்தப்பாவின் அலமாரியில் ஒன்பது கேமராக்கள்

கேள்வி: என் சித்தப்பா சென்ற ஆண்டு காலமானார். படம் எடுப்பதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. அவருடைய அலமாரியில் இருந்த பிலிம் கேமராக்களைச் சித்தி என்னிடம் கொடுத்து, "நல்ல விலைக்குத் தள்ளிவிடும்மா" என்கிறார். எனக்குக் கேமரா பற்றி எதுவும் தெரியாது. மேலே எழுதியிருப்பதைப் பார்த்துப் பட்டியல் போட்டிருக்கிறேன்: கழுகு முத்திரை பொறித்த தங்க நிற லைக்கா, ஹாசல்பிளாட் 500சி/எம், கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக், யாஷிகா மேட்-124ஜி, ஒலிம்பஸ் ட்ரிப் 35, மடக்கி வைக்கும் அக்ஃபா ஐசோலெட், கோடக் பிரவுனி பெட்டிக் கேமரா. ஒலிம்பஸ் மியூ என்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கேமராவும் இருந்தது. அதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். பழைய கேமரா வாங்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இணையத்தில் அதே மாதிரி லைக்காவுக்கு மட்டுமே அதைவிடப் பல மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். பெட்டிக் கேமராதான் மிகப் பழையது, அதற்குத்தான் விலை அதிகம் என்கிறார் ஓர் உறவினர். எதை நம்புவது? விற்கும் முன் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி வைக்கலாமா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பிளாஸ்டிக் கேமராவை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். லென்ஸைச் சுற்றி 35 எம்எம், 1:2.8 என்று எழுதியிருந்தால் அது 1997-இல் வந்த மியூ-2. நல்ல நிலையில் இருந்தால், உங்கள் பட்டியலிலேயே சிரமமில்லாமல் விற்கக்கூடியது அதுதான். சட்டைப் பையில் அடங்கும், கூர்மையான லென்ஸ், பட்டனை அழுத்தினால் போதும் என்பதால் பிலிமுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 'ஜூம்' என்று எழுதியிருந்தால் குடும்பம் அதேதான், ஆனால் விலை பல படி கீழே.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமைக் கெடு. அதை மறந்துவிடுங்கள். இத்தனை வருடம் அலமாரியில் இருந்தவை இன்னும் ஒரு மாதம் இருந்தால் கெட்டுப்போகாது. வந்தவரைக் குறை சொல்ல வரவில்லை. மொத்தமாக வாங்குகிறவர் பழுது பார்க்கும் செலவு, விற்காமல் தங்கும் சரக்கு, தன் லாபம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்ல முடியும். நான் வாங்கும்போதும் அப்படித்தான் கணக்குப் போடுகிறேன். ஆனால் இப்படி ஒரு குவியலில் பெரும்பாலும் இரண்டு மூன்று கேமராக்கள்தான் மொத்தத் தொகையையும் சுமக்கும். மற்றவை கூடவே போகும். அந்த இரண்டு மூன்று எவை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டால் பேரம் வேறு மாதிரி நடக்கும். "ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுத்தால் அவரோடு தாராளமாகப் பேசலாம். மழுப்பினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எதையும் திறப்பதற்கு முன் உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேனான், பென்டாக்ஸ், ட்ரிப் மூன்றிலும் மேலே இடது ஓரத்தில் பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பினால், பிலிம் இல்லாவிட்டால் சும்மா சுழலும். கை ஏதோ இழுபடுவதாக உணர்ந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அடிப்பக்கம் இருக்கும் சிறு பொத்தானை அழுத்திவிட்டு முழுவதும் சுற்றி எடுத்த பிறகே பின்மூடியைத் திறக்க வேண்டும். யாஷிகா, அக்ஃபா, பிரவுனி மூன்றும் அகலமான ரோல் பிலிம் கேமராக்கள். அவற்றில் பின்னோக்கிச் சுற்றும் வேலை இல்லை, முன்னோக்கியே கடைசிவரை சுற்ற வேண்டும். அக்ஃபாவிலும் பிரவுனியிலும் பின்புறச் சிவப்புக் கண்ணாடி வழியே எண் ஏதாவது தெரிந்தால் ரோல் இருக்கிறது என்று அர்த்தம். பல ஆண்டு கழித்தும் பிலிமைக் கழுவிப் படம் எடுக்க முடிவது உண்டு, கறுப்பு-வெள்ளையாக இருந்தால் இன்னும் நம்பிக்கை அதிகம். சித்தப்பா கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருக்கலாம். அவை சித்தியிடம் போய்ச் சேர வேண்டியவை.

இப்போது உறவினர் சொன்னதற்கு வருகிறேன். கேமராவின் வயதுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பிரவுனி 1900-இல் ஒரு டாலருக்கு வெளிவந்தது. குழந்தைகள்கூட வாங்கிப் படம் எடுக்கட்டும் என்று லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அதனால்தான் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு ஒன்று கிடைக்கிறது. போதாக்குறைக்கு, பிரவுனிகளில் பலவற்றுக்குத் தேவையான 620 அளவு பிலிமைக் கோடக் 1995-இல் நிறுத்திவிட்டது. 1930-இல் வந்த, முன்பக்கம் இரண்டு வண்ணத்தில் கோலம் போட்ட 'பியூ பிரவுனி' போன்ற சில அலங்கார மாடல்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவார்கள். உங்களுடையது சாதாரணக் கறுப்புப் பெட்டி என்றால், விலை அதிகம் என்று சொன்ன உறவினருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம்.

ஒரு கேமராவைக் கையில் எடுத்ததும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இதை வைத்துப் படம் எடுக்க இன்றைக்கு யாராவது ஆசைப்படுவார்களா? ஆசைப்பட்டால், இப்போது இருக்கும் நிலையில் எடுக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் விலை உண்டு. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால், பழுது பார்க்க முடியுமா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் உண்டு. முதலாவதற்கே இல்லை என்றால் அலங்காரப் பொருளுக்கான விலைதான். சேகரிப்பாளர்கள் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள். 2022-இல் சாதனை விலைக்கு ஏலம் போன லைக்கா 0-வரிசையின் 105-ஆம் எண் கேமராவை யாரும் படம் எடுக்க வாங்கவில்லை. 1923 வாக்கில் சோதனைக்காகச் செய்த இருபத்துச் சொச்சம் கேமராக்களில் அது ஒன்று, அதிலும் லைக்காவை உருவாக்கிய ஓஸ்கார் பார்னாக்கே வைத்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒவ்வொரு லைக்காவும் புதையல் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். ஏமாற்றுகிறவர்களுக்கு வேண்டியதும் அந்த நினைப்புத்தான்.

உங்கள் லைக்கா பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தங்க நிறம், கழுகு முத்திரை என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. 1932-இல் வந்த லைக்கா-2 கேமராவைப் பார்த்து, 1934 முதல் சோவியத் யூனியனின் கார்க்கிவ் நகரத்தில் 'ஃபெட்' என்ற பெயரில் அச்சு அசலாகச் செய்தார்கள். போருக்குப் பின் 1948 முதல் 'ஸோர்க்கி' என்ற பெயரில் இன்னொரு தொழிற்சாலையும் செய்தது. இரண்டும் குவிந்து கிடந்தன. பின்னாளில் யாரோ அவற்றின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்ற எழுத்தையும் ஜெர்மன் ராணுவ முத்திரைகளையும் பொறித்து, தங்க முலாம் பூசி, பாம்புத் தோல் போன்ற உறை ஒட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள். நீங்கள் இணையத்தில் பார்த்த விலைகளில் பலவும் இப்படிப்பட்ட போலிக்கு யாரோ ஆசையோடு எழுதி வைத்தவையாக இருக்கக்கூடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். லென்ஸை இடப்புறமாகத் திருகினால் கழன்று வரும். அது மறையுள்ள லென்ஸ். பலம் கொடுக்க வேண்டியதில்லை. கழற்றிய பின் வாய்ப்பகுதியின் மேல்பக்கம் உள்ளே பாருங்கள், ஒரு சிறிய உலோகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் முன்பின் நகர்வதை அறிந்து, தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதன் முனையில் வட்டமான சிறு உருளை இருந்தால் லைக்காவாக இருக்க வாய்ப்பு உண்டு. முக்கோணமாகக் கூம்பி நின்றால் அது ஃபெட் அல்லது ஸோர்க்கி, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. உருளை இருந்தால் அடுத்த படி சீரியல் எண். எந்த எண் எந்த ஆண்டில் எந்த மாடலுக்குக் கொடுக்கப்பட்டது என்ற லைக்கா பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. 1954-இல் வந்த எம்3 மாடல் 700000-இல் தொடங்குகிறது என்பது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். எண் ஒரு மாடலைச் சொல்லி, கையில் இருப்பது வேறு மாடலாக இருந்தால் ஏதோ தவறு. எண்ணும் பொருந்தி, உருளையும் இருந்து, ராணுவ முத்திரையும் இருந்தால்கூட, முத்திரை பின்னால் பொறித்ததாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் லைக்காவில் கரைகண்ட ஒருவரிடமோ கேமரா ஏல நிறுவனத்திடமோ காட்டாமல் விற்காதீர்கள்.

போலி என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். வேடிக்கைப் பொருளாக அதற்கும் ஒரு சிறு சந்தை உண்டு. 'லைக்கா வேடமிட்ட ஃபெட்' என்று உள்ளபடி சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு எச்சரிக்கை: இந்த வகைக் கேமராக்களில் பிலிம் குமிழை முழுதாகச் சுற்றிய பிறகே ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) வேகத்தை மாற்ற வேண்டும். சுற்றாமல் மாற்றினால் உள்ளே பழுதாகும்.

அடுத்து ஹாசல்பிளாட். மற்ற எட்டையும் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாமல் போகலாம், ஆகவே கவனம். எந்த ஆண்டு செய்தது என்பதைச் சீரியல் எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளே சொல்லிவிடும். வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் என்ற பத்து எழுத்துகள் வரிசையாக 1, 2, 3 என்று தொடங்கி 9, 0 வரை குறிக்கும். யு, பி என்றிருந்தால் 73, அதாவது 1973. கேமராவின் எண் பின்னால் பிலிம் மாட்டும் மேகஸினைக் கழற்றினால் தெரியும். ஆனால் பிலிம் மேல் ஒளி படாமல் மறைக்கும் மெல்லிய தகட்டை மேகஸினுக்குள் செருகாமல் அது கழலாது; கழலவில்லையே என்று இழுக்காதீர்கள். லென்ஸைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பக்கவாட்டுக் கைப்பிடியை முழுச் சுற்றுச் சுற்றி ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஏற்றாமல் கழற்றி மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். மேகஸினுக்குள் இருக்கும் பிலிம் தாங்கியை வெளியே இழுத்து, அதில் உள்ள எண் மேகஸினின் கடைசி மூன்று இலக்கங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் வாங்குகிறவர் கூடுதலாகவே தருவார். விளம்பரத்தில் இதைக் குறிப்பிடாமல் விட்டால் உங்கள் நஷ்டம். கேமரா, லென்ஸ், மேகஸின், மேலே பார்க்கும் கண்ணாடிக் கூடு ஆகிய நான்கும் தனித்தனியாகவும் விலைபோகும். ஒவ்வொன்றுக்கும் விலை பார்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே முழு செட்டுக்கு விலை சொல்லுங்கள்.

எல்லாக் கேமராவுக்கும் பொதுவான சோதனை லென்ஸ்தான். ஒரு டார்ச்சும் ஓர் இருட்டு அறையும் போதும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, முழுதாகத் திறந்து வைத்து, ஒரு பக்கத்திலிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் ஒன்றிரண்டு இழை என்றால் சுத்தம் செய்யலாம். நடுவில் படர்ந்து பல காலமானால் கண்ணாடி மேல் பூசிய பூச்சையே அரித்திருக்கும். பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. மொத்தமாகப் பால் போல மங்கியிருந்தால் அது வேறு கோளாறு, அதுவும் விலையைக் குறைக்கும். நாலைந்து தூசித் துகள்களுக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பழைய லென்ஸிலும் அவை இருக்கும். அப்பர்ச்சர் இதழ்கள் எண்ணெய்ப் பசையில்லாமல் வெடுக்கென்று திறந்து மூட வேண்டும். யாஷிகாவில் இரண்டு லென்ஸ் இருக்கும். படம் எடுப்பது கீழே உள்ளது, மேலே உள்ளது பார்ப்பதற்கு மட்டும். மேல் லென்ஸில் குறை இருந்தால் படத்தைப் பாதிக்காது என்று எழுதிவிட்டால் வாங்குகிறவர் பயப்படமாட்டார்.

ஷட்டரைக் காதால் சோதிக்கலாம். ஒரு விநாடி வேகத்தில் வைத்துச் சொடுக்குங்கள். பழைய எண்ணெய் இறுகிப்போன கேமராவில் மெதுவான வேகங்கள்தான் முதலில் சண்டித்தனம் செய்யும். பின்மூடியைத் திறந்து விளக்கைப் பார்த்தபடி சொடுக்கினால் திறந்து மூடுவது தெரியும். லைக்கா, ஃபெட் போன்றவற்றில் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்தால் ஊசித் துளைகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். மூடியில்லாத லென்ஸைச் சூரியனைப் பார்த்து வைத்தாலே திரையில் ஓட்டை விழும். பின்மூடி ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள், அதை மாற்றுவது சின்ன வேலை.

கேனான் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் ஒன்றும் செய்யாது. '4எல்ஆர்44' என்ற 6 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிறு செலவுக்கு இந்தப் பட்டியலிலேயே நல்ல பலன் கிடைக்கும். "பரிசோதிக்கவில்லை" என்று போட்ட விளம்பரத்தை, "வேலை செய்யவில்லை" என்றுதான் நாங்கள் படிப்போம். விலையும் அதற்கேற்பத்தான் சொல்வோம். சொடுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், கண்ணாடியைத் தூக்கும் பகுதியில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. ஏஇ-1 ரகத்துக்கே உரிய நோய் அது, சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் சொல்லாமல் விற்கக் கூடாது. 1976-இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற கேமரா என்பதால் அரியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர்கள் விரும்பிக் கேட்பதால் விலை படுத்துவிடவில்லை.

ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்குப் பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றி இருக்கும் தேன்கூடு போன்ற செலினியம் வளையம் வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். லென்ஸ் வளையத்தை 'ஏ'-இல் வைத்து, லென்ஸை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் சொடுக்க மறுக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தினால் சொடுக்க வேண்டும். இரண்டும் நடந்தால் செலினியம் உயிரோடு இருக்கிறது. வெயிலில் வைத்தும் கொடி எழும்பினால் செத்துவிட்டது. 1967 முதல் 1984 வரை ஒரு கோடிக்கு மேல் விற்ற கேமரா. வேலை செய்யாத ட்ரிப்பை வாங்க யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

ஸ்பாட்மாட்டிக்கில் கேமராவை விட லென்ஸைக் கவனியுங்கள். முன்வளையத்தில் 'சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப்/1.4' என்று இருந்தால் நல்லது. அதன் கண்ணாடி மஞ்சளாக, தேநீர் படிந்தது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கால லென்ஸ்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். நீங்கள் எதுவும் செய்யாமல் மஞ்சளாக இருப்பதைப் படத்தில் காட்டினாலே போதும். இன்றைய மிர்ரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்களில் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் வைத்துப் பழைய லென்ஸ் மாட்ட முடிவதால், பாடி செத்துப்போன கேமராவின் லென்ஸுக்கும் தனி மதிப்பு உண்டு. குப்பை என்று எதையும் ஒதுக்கும் முன் லென்ஸைக் கழற்ற முடியுமா என்று பார்ப்பது என் வழக்கம்.

யாஷிகா, ஸ்பாட்மாட்டிக் இரண்டின் வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டரும் பாதரச பேட்டரி காலத்தவை. அந்தப் பேட்டரிகளைத் தடை செய்து நாளாகிவிட்டது. மீட்டர் சரியாகக் காட்டாவிட்டாலும் விலை பெரிதாக இறங்காது. ஷட்டர் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஐசோலெட்டில் இரண்டு தொல்லை எப்போதும் உண்டு. லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான துருத்தியின் மூலைகளில் ஊசித் துளைகள் விழும். லென்ஸின் ஃபோகஸ் வளையம் பச்சைக் கிரீஸ் இறுகித் திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும். துருத்தியை விரித்து உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். வளையத்தைப் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். லென்ஸில் 'சோலினார்' என்று இருந்தால் விலை சற்று மேலே. 'அக்னார்', 'அபோடார்' என்றால் கீழே.

இனி விலை. இணையத்தில் நீங்கள் பார்த்தது விற்கிறவர் கேட்கும் விலை; கேட்பதற்குக் காசா பணமா. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். மாடல் பெயரோடு லென்ஸின் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். கடந்த சில மாதங்களில் விற்றவற்றை வரிசையாகப் பார்த்து, உச்சியில் இருப்பதையும் அடியில் இருப்பதையும் ஒதுக்கிவிட்டு, உங்கள் கேமராவின் நிலையில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி விலைக்குப் போனதன் பின்னால் புதிதாக சர்வீஸ் செய்த சீட்டோ, பெட்டி, கையேட்டோடு வந்த முழு செட்டோ இருக்கும். அடியில் போனதில் பூஞ்சை இருக்கும். ஹாசல்பிளாடுக்கும், அசலாக இருந்தால் லைக்காவுக்கும், பெரிய கேமரா ஏலங்களின் முடிவுகளையும் பாருங்கள். அவை பொதுவில் வெளியாகின்றன. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய விலைப் புத்தகம் யாராவது கொடுத்தால் மாடலை அடையாளம் காண மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது டிஜிட்டல் வந்து பிலிம் கேமராக்களைத் தூக்கி எறிந்த காலத்து விலை. இன்று நிலைமை தலைகீழ். 2024-இல் பென்டாக்ஸ் புதிதாகவே ஒரு பிலிம் கேமராவை வெளியிட்டது.

அப்படிக் கிடைக்கும் விலை, நீங்களே படம் எடுத்து, விவரம் எழுதி, பொதிந்து அனுப்பி, திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கான விலை. அதிலிருந்து தளத்தின் கட்டணமும் போகும். கடையில் கொடுத்தால் நிச்சயம் குறையும், ஏனென்றால் கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்து விற்க வேண்டும். எவ்வளவு குறைவது நியாயம் என்று கேட்டால், ஹாசல்பிளாட் போல உடனே விற்பதற்குச் சிறிது, ஐசோலெட் போல மாதக்கணக்கில் கண்ணாடி அலமாரியில் கிடப்பதற்கு நிறைய. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஹாசல்பிளாட், மியூ, கேனான் மூன்றையும் தனித்தனியாக விற்பேன். லைக்காவைத் தீர விசாரித்த பிறகு முடிவெடுப்பேன். மிச்சத்தை ஒரே கட்டாகக் கடைக்காரரிடம் தள்ளிவிடுவேன். ஐசோலெட்டுக்காக நீங்கள் நாலு நாள் கடிதப் போக்குவரத்து நடத்துவது வீண்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். கறுப்பு வண்ணம் தேய்ந்து பித்தளை தெரிவதைச் சேகரிப்பாளர்கள் குறையாகவே பார்ப்பதில்லை. சிலர் அதற்காகவே கூடுதலாகத் தருவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் அசல் மேற்பரப்பு திரும்பாது. உலர்ந்த மெல்லிய துணியால் வெளித் தூசியைத் துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள். லென்ஸ் கண்ணாடியைத் தொடாதீர்கள். பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே பச்சை உப்புப் படிந்திருந்தால் அதையும் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். தோல் உறையிலிருந்து கேமராக்களை வெளியே எடுத்து வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வளர்க்கும். ஆனால் உறை, லென்ஸ் மூடி, லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட், கையேடு, வாங்கிய ரசீது எதையும் எறியாதீர்கள். ஹாசல்பிளாடின் ஹூட் தனியாகவே விலைபோகும்.

விற்பதற்கு முன் சர்வீஸ் செய்யலாமா என்று கேட்பீர்கள். இந்த ஒன்பதில் எதற்கும் வேண்டாம் என்பேன். சர்வீஸ் செலவு முழுதாக விலையில் திரும்பி வருவது அபூர்வம், வாங்குகிறவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க விரும்புவார்.

கடைசியாக, எந்தக் கேமராவையும் யார் கையில் கொடுப்பதற்கு முன்னும், மேலேயும் லென்ஸிலும் உள்ள சீரியல் எண்களை ஒரு நோட்டில் எழுதி, எண் தெரியும்படி படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று திருப்பி அனுப்புகிற ஒருவர் உங்கள் கேமராவுக்குப் பதில் தன்னுடைய பழுதான ஒன்றைப் பெட்டியில் வைத்து அனுப்பினால், அந்த எண்ணைக் காட்டித்தான் நீங்கள் பேச முடியும்.